காட்டுக் கத்தி செய்யும் வரிசை: அட்டையில் தொடங்கி உறை வரை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. கத்தி செய்யக் கற்றுக்கொள்ள அங்கே வருகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்கும் கேள்வி, "அண்ணே, உலையை எப்போது மூட்டுவோம்?" என்பதுதான். வந்த அன்றே இரும்பு சிவக்க வேண்டும், எண்ணெயில் முக்கும்போது புகை எழ வேண்டும், அதைக் கைப்பேசியில் பிடிக்க வேண்டும். நான் ஒரு பழைய காலணிப் பெட்டியையும் கத்தரிக்கோலையும் கையில் கொடுப்பேன். முகம் சுருங்கிவிடும்.

ஒரு கத்திக்கு என் கையில் இருபத்தைந்து மணி நேரம் ஆகிறது. அதில் இரும்பு நெருப்பில் இருப்பது ஒரு மணி நேரம்கூட இல்லை. கத்தி விரிசல் விடுவதும் வளைவதும் நெருப்பில்தான் கண்ணுக்குத் தெரியும். காரணத்தைத் தேடிப் போனால் அது மூன்று நாளைக்கு முன் தவறிய ஏதாவது ஒரு வேலையாக இருக்கும். எதை எதற்கு முன்னால் செய்வது என்பதில்தான் இந்தக் கைவேலையின் பாதி இருக்கிறது.

கீழே சொல்வது சம்மட்டியால் அடித்து நீட்டும் முறை அன்று. பட்டை எஃகை அறுத்து, அராவி, சூடேற்றிக் கடினமாக்கும் முறை. புதியவருக்கு இதுவே போதும்.

1. எதற்குக் கத்தி என்று முடிவு செய்யுங்கள்

நம் காட்டில் வழியை மறிக்கும் கொடி, பிரம்புப் புதர், மூங்கில் எல்லாவற்றுக்கும் பாராங் என்ற நீண்ட வெட்டுக்கத்தி இருக்கிறது. அந்த வேலையையும் சேர்த்துக் கத்தியிடம் கேட்டால் அது ஓரடி நீளத்துக்கு வளர்ந்து, பாராங்குக்கும் ஆகாது, மீன் ஆயவும் ஆகாது.

கத்தியின் வேலைகள் சிறியவை. மழையில் ஊறிய கட்டையைப் பிளந்து உள்ளே காய்ந்திருக்கும் நடுப்பகுதியை எடுப்பது, அதைச் சுருள் சுருளாகச் சீவித் தீ மூட்டுவது, கூடாரத்துக்கு முளை சீவுவது, கயிறு அறுப்பது, மீன் ஆய்வது. நம் மழைக்காட்டில் முதலாவது வேலைதான் முக்கியம். தரையில் கிடக்கும் எந்தக் குச்சியும் காய்ந்திருக்காது. ஆகவே, கத்தியைக் கட்டையின் மேல் வைத்து முதுகில் தடியால் தட்டிப் பிளக்க முடிய வேண்டும். கத்தியின் கனத்தையும் பிடியின் அமைப்பையும் இந்த ஒரு வேலையே தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தியோடு திரிந்தால், அபாயகரமான ஆயுதங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சிக்கல் வரும். தண்டனை கடுமையானது. காட்டுக்குப் போகும் நாளில் மட்டும், உறையோடு, முதுகுப்பையின் அடியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். இடுப்பில் கட்டிக்கொண்டு படகுத்துறையில் நிற்பது வீரம் இல்லை. தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்காவுக்குள் செடிகொடிகளை வெட்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

மின்சார இயந்திரங்களை வாங்கப் பணம் சேர்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். இரும்பு அறுக்கும் ரம்பம் ஒன்று, மேசையில் பொருத்திய உறுதியான வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி), மூன்று அரங்கள், ஒரு டிரில், இரண்டு மூன்று கவ்விகள், 80இலிருந்து 600 வரை உப்புத்தாள் (எண் ஏற ஏறத் தாள் நுண்மையாகும்), ஒரு மார்க்கர் பேனா. இவ்வளவுதான்.

அரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் சந்தையில் பழைய கருவிகளைத் தரையில் பரப்பி விற்பார்கள். அங்கே நல்ல அரமும் கிடைக்கும், செத்த அரமும் கிடைக்கும். கட்டைவிரல் நகத்தைப் பற்களின் மேல் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். நகத்தைக் கவ்விச் சீவினால் உயிர் இருக்கிறது, வழுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். பற்களில் துரு ஏறியதையும் தொடாதீர்கள்.

கண்ணாடி, முகமூடி இரண்டும் கட்டாயம். பிடிக்கான மரத்தூளும் எப்பாக்சி என்ற கலவைப் பசையின் தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை. டிரில் ஓடும்போது கையுறை போடாதீர்கள், அது சுழலில் சிக்கிக் கையையும் இழுத்துவிடும். உலை அருகே நைலான் சட்டை வேண்டாம், பருத்தி மட்டும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களும் அராவும் வேலையை வீட்டிலேயே செய்யலாம். சத்தம் குறைவு. உலைக்கு மட்டும் மண் தரையும் திறந்த இடமும் உள்ள நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

3. எஃகு

புதியவர்கள் கொண்டுவரும் இரும்பில் பாதியை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். கட்டுமானக் கம்பி, சன்னல் சட்டம், வன்பொருள் கடையில் அளந்து தரும் பட்டை எல்லாம் கார்பன் குறைந்த மென்னிரும்பு. எவ்வளவு சூடாக்கி எண்ணெயில் முக்கினாலும் (இதைத்தான் தோய்ச்சல் என்கிறோம்) கத்திக்கு வேண்டிய கடினம் ஏறாது. துருப்பிடிக்காத எஃகும் வேண்டாம். அதற்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் அளவான வெப்பம் தேவை, கரி உலையில் அந்தக் கட்டுப்பாடு கிடைக்காது.

வேண்டியது எளிய கார்பன் எஃகு. 1084 என்ற வகையில் ஏறக்குறைய 0.84 விழுக்காடு கார்பன் இருக்கிறது. 5160 வகையில் கார்பன் 0.6 விழுக்காட்டை ஒட்டி, கொஞ்சம் குரோமியமும் சேர்ந்திருக்கும். அடி தாங்குவதில் 5160 மேல். இரண்டும் எண்ணெயிலேயே கடினமாகும். 1095 வாங்கிவிடாதீர்கள். அது மிக வேகமாகக் குளிர வேண்டும், சமையல் எண்ணெய் அந்த வேகத்தைத் தராது.

"லோரி ஸ்பிரிங் பட்டை சும்மா கிடைக்கிறதே?" என்று கேட்பார்கள். கிடைக்கிறது, எஃகும் பெரும்பாலும் 5160க்கு நெருங்கிய வகைதான். ஆனால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். வளைவை நிமிர்த்த வேண்டும், கனத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் ஓரிரவு புதைத்து மென்மையாக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் அரம் இறங்காது. சும்மா கிடைத்த பட்டைக்காக இரண்டு வார இறுதிகள் போய்விடும். முதல் கத்திக்கு, மென்மையாக்கப்பட்ட நிலையில் விற்கும் 4 மில்லிமீட்டர் கனமான புதுப் பட்டையையே வாங்குங்கள்.

வாங்கிய பட்டையின் நுனியில் விரல் அகலத் துண்டு ஒன்றை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் படியில் அது உங்களைக் காப்பாற்றும்.

4. அட்டைக் கத்தி

காலணிப் பெட்டி அட்டையில் கத்தியை அதன் உண்மையான அளவில் வரைந்து வெட்டுங்கள். என் அளவு இது: மொத்த நீளம் 235 மில்லிமீட்டர், அலகு 115, பிடி 120, அலகின் அகலம் 32. உள்ளங்கை பெரியவர்களுக்குப் பிடி 125 வரை போகலாம்.

முனை, முதுகிலிருந்து மெல்ல இறங்கி நடுக்கோட்டுக்குச் சற்று மேலே நிற்கட்டும். மீன் வயிற்றைக் கிழிக்கும்போது குடலைக் குத்தாமல் இருக்கவும், துளை குடையும்போது முனை ஒடியாமல் இருக்கவும் இந்த வடிவம் உதவும். முதுகு நேராக, இரு ஓரமும் செங்கோணமாக இருக்கட்டும். தீப்பொறிக் கம்பியை உரச அந்த ஓரம்தான் வேண்டும். முதுகில் ரம்பப்பல் வைக்க ஆசைப்படுகிறவர்களிடம் ஒரு கேள்வி: தடியால் முதுகைத் தட்டிக் கட்டை பிளக்கும்போது அந்தப் பற்கள் தடியைத் தின்னாதா? பிடிக்குள் குழல் வைத்துத் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் ஒளித்துவைக்கும் ஆசையும் அப்படித்தான். அலகும் பிடியும் சந்திக்கும் இடம் பலவீனமாகி, முதல் கட்டையிலேயே இரண்டாகும்.

அலகின் எஃகு பிடியின் கடைசி வரை முழு அகலத்தில் போக வேண்டும். இதில் பேரம் இல்லை.

அட்டையை அப்படியே ஒட்டுப்பலகையில் வரைந்து வெட்டி, இரண்டு பக்கமும் சிறு பலகை ஒட்டிப் பிடியைப் பருமனாக்குங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பைக் கையில் தடவிக்கொண்டு அந்தப் பொய்க்கத்தியை இறுகப் பிடித்து, ஒரு பழைய தலையணையில் குத்திப் பாருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் உங்கள் கை எப்போதும் இந்த நிலையில்தான் இருக்கும். கை முன்னால் வழுக்கி அலகுப் பக்கம் போனால், ஆள்காட்டி விரலுக்கு முன்னால் ஒரு தடுப்பு மேடு தேவை. பின்னால் நழுவினால் பிடியின் கடைசி இன்னும் கொஞ்சம் விரிய வேண்டும். விரல் விரலாகப் பள்ளம் தோண்ட வேண்டாம். பிடியை மாற்றிப் பிடிக்கும்போது அந்த மேடுகள் உள்ளங்கையை அறுக்கும்.

மூன்றாவது அட்டையில்தான் எனக்கு ஒரு வடிவம் ஒத்துவரும். முதல் அட்டையிலேயே திருப்தி அடைந்தவர்கள் பிறகு எஃகில் திருத்திக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

5. அறுத்தல், உருவம், துளை

வடிவத்தை எஃகில் வரைந்து, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுங்கள். வளைவுகளை ரம்பத்தால் சுற்றி வர முடியாது. கோடு வரை நெருக்கமாகத் துளைகள் போட்டு, இடையில் அறுத்து உடைத்தெடுங்கள். மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும்.

அரம் முன்னே போகும்போது மட்டும் வெட்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பற்கள் மழுங்கும். வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ரம்பம்போல் முன்னும் பின்னும் தேய்க்கிறார்கள். தள்ளுங்கள், தூக்குங்கள், திரும்ப வையுங்கள்.

உருவம் வந்த உடனே பிடிக்கான துளைகளைப் போட்டுவிடுங்கள். 5 மில்லிமீட்டர் பித்தளை ஆணிகளுக்கு இரண்டோ மூன்றோ துளை, அவற்றுக்கு இடையில் எடை குறையவும் பசை இரு பக்கமும் ஊடுருவிப் பிணையவும் இன்னும் சில. துளையின் ஓரப் பிசிறை இரு பக்கமும் வழித்துவிடுங்கள். கூரான ஓரத்திலிருந்துதான் தோய்ச்சலின்போது வெடிப்பு கிளம்பும்.

ஒரு தம்பி இந்த வரியை மட்டும் மறந்துவிட்டார். தோய்ச்சல் முடிந்து கத்தி அழகாகக் கடினமான பிறகு துளை போடப் போனார். மூன்று டிரில் முனைகள் முனகிக்கொண்டே மழுங்கின, எஃகில் ஒரு பளபளப்பான பொட்டு மட்டும் விழுந்தது. கடைசியில் பிடிப்பகுதியைத் திரும்பக் காய்ச்சி மென்மையாக்க வேண்டியதாயிற்று.

6. சரிவு

கத்தியின் வாய்ப்பக்கம் இரு புறமும் சரிந்து மெலிவதுதான் அதன் வெட்டும் திறன். கண்ணளவில் அராவினால் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும்.

வாய் வரப்போகும் விளிம்பு முழுவதும் மார்க்கரால் கறுப்பாக்குங்கள். எஃகின் கனத்துக்குச் சமமான டிரில் முனையைத் தட்டையான பலகையில் கத்தியோடு படுக்கவைத்து, அதன் கூர்முனையால் விளிம்பில் ஒரு கீறல் போடுங்கள். கத்தியைத் திருப்பி இன்னொன்று. டிரில் முனை ஏறக்குறைய நடுவில் கீறும் என்பதால் இரண்டு கோடுகள் ஒட்டினாற்போல் விழும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மெல்லிய பட்டையை எந்தப் பக்கத்திலிருந்தும் தொடக் கூடாது. தொட்டால் வாய் ஒருபுறம் சாய்ந்துவிடும்.

முதலில் விளிம்பில் மட்டும் பெரிய கோணத்தில் சரித்து, பிறகு கோணத்தைக் குறைத்துக்கொண்டே மேலே ஏறுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். பிடிக்கு முன்னால் சரிவு நிற்கும் தோள் இரு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று முதுகின் மேலிருந்து பாருங்கள். அங்கே அரத்தின் கூரான மூலையால் பள்ளம் விழ விடாதீர்கள், வட்ட அரத்தால் மென்மையாக வளைத்து முடியுங்கள். அடி வாங்கும்போது கத்தி ஒடியும் இடம் அந்தப் பள்ளம்தான்.

இப்போது முக்கியமான கட்டுப்பாடு. வாயைக் கூராக்காதீர்கள். வங்கி அட்டை ஒன்றின் கனம் அங்கே மிஞ்சட்டும். மெலிந்த விளிம்பு உலையில் மற்ற பகுதிக்கு முன்பே அதிகம் சூடாகி, எண்ணெயில் அலைபோல் நெளியும், அல்லது வெடிக்கும்.

பிறகு 220 உப்புத்தாள் வரை தேய்த்து எல்லா அரக் கீறல்களையும் நீக்குங்கள், நீளவாக்கில். சோம்பலாக இருக்கும். தோய்ச்சலுக்குப் பிறகு இதே கீறலை நீக்க மூன்று மடங்கு நேரம் பிடிக்கும்.

7. உலை, தோய்ச்சல்

செங்கல்லை நீள்பள்ளமாக அடுக்கி, ஓர் இரும்புக் குழாய் வழியாக முடி உலர்த்தியின் காற்றை அடியில் செலுத்தினால் அதுவே உலை. பேராக் குவாலா செபெத்தாங் பக்கமிருந்து வரும் கண்டல் மரக் கரி நின்று எரியும். சிரட்டைக் கரியும் நல்ல சூடு தரும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எண்ணெய்க்கு, நம் வீட்டுச் செம்பனைச் சமையல் எண்ணெயே போதும். ஐந்து லிட்டராவது உயரமான இரும்பு டின்னில் ஊற்றுங்கள், பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம். டின்னுக்கு இரும்பு மூடி ஒன்றும் பக்கத்தில் மணல் வாளி ஒன்றும் இருக்க வேண்டும். எண்ணெயில் தீப் பிடித்தால் மூடியைப் போடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் உங்கள் மேல் தெறிக்கும்.

பழைய இரும்புத் துண்டு ஒன்றைக் காய்ச்சி எண்ணெயில் போட்டு, அதை 50, 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெயைச் சூடாக்குவது ஏன் என்று பலர் விழிப்பார்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி வேகமாகப் பாயும், எஃகைச் சுற்றி எழும் ஆவிப் போர்வையைச் சீக்கிரம் உடைக்கும். குளிர்ந்த எண்ணெயைவிட அது கத்தியை வேகமாகக் குளிர்விக்கும்.

பகலில் இந்த வேலையைத் தொடாதீர்கள். வெயிலில் எஃகின் நிறம் பொய் சொல்லும், போதிய சூட்டிலும் மங்கலாகத் தெரிய, நீங்கள் மேலும் மேலும் காய்ச்சுவீர்கள். நான் மாலை ஏழரைக்கு மேல், கொட்டகை விளக்கை அணைத்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

முதலில் அந்த விரல் அகலத் துண்டு. அதைச் சிவக்கக் காய்ச்சுங்கள், ஒரு கம்பி நுனியில் கட்டிய காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். அதற்கு மேல் இன்னும் ஒரு நிறம் ஏறட்டும், பழுத்த செர்ரி நிறத்திலிருந்து சற்றே ஆரஞ்சை நோக்கி. எண்ணெயில் முக்குங்கள். ஆறியதும் துணியில் சுற்றி, வைஸில் வைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு உடையுங்கள். உடைந்த வாய் சாம்பல் நிற வெல்வெட்போல் நுண்மையாக இருந்தால் சூடு சரி. சர்க்கரைபோல் மினுமினுத்தால் அதிகம் காய்ச்சிவிட்டீர்கள். உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது விற்றவர் வேறு இரும்பைக் கொடுத்துவிட்டார்.

துண்டு சரியாக வந்த பிறகு கத்தி. முதலில் மூன்று முறை, காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சிக் காற்றில் தொங்கவிட்டு ஆற விடுங்கள். அறுத்ததும் அராவியதும் எஃகுக்குள் விட்டுப்போன இறுக்கம் இதில் தளரும். இதைத் தாண்டிப் போனவர்களின் கத்திதான் வாழைப்பழம்போல் வளைந்து வெளியே வருகிறது.

நான்காவது முறை உண்மையான சூடு. கத்தியை உலைக்குள் முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். முனை மெல்லியது, முதலில் அதுதான் சிவக்கும். அதைக் கரியிலிருந்து கொஞ்சம் வெளியே நிறுத்துங்கள். அலகு முழுவதும் ஒரே நிறமாகி, 5160 என்றால் அந்த நிறத்தில் நான்கைந்து நிமிடம் நின்ற பிறகு, தயங்காமல் முனை கீழாக நேராக எண்ணெயில் இறக்குங்கள். உலைக்கும் டின்னுக்கும் ஓரடிக்கு மேல் இடைவெளி இருந்தால் வழியிலேயே ஆறிவிடும்.

எண்ணெய்க்குள் கத்தியை வெட்டும் திசையில், வாய்ப்பக்கமும் முதுகுப்பக்கமுமாக அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து அலகு வளையும். எட்டுப் பத்து விநாடியில் வெளியே எடுத்து, முதுகின் வழியாக ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். சற்று வளைந்திருந்தால் தடித்த தோல் கையுறையோடு, சூடு இருக்கும்போதே இரண்டு பலகைக்கு இடையில் அழுத்தி நேராக்கலாம். இளஞ்சூடாகிவிட்டால் தொடாதீர்கள், ஒடியும்.

எண்ணெயில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் அதைக் கேட்காததுபோல் நடிக்க வேண்டாம். வெடிப்பு விழுந்துவிட்டது. அந்தக் கத்தி சுவரில் மாட்டத்தான்.

கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும் அரத்தால் வாயை உரசிப் பாருங்கள். முதல் இரண்டு இழுப்பில் அரம் கடிக்கும். அது மேல்தோல், நெருப்பில் கார்பன் இழந்த பகுதி. அதற்குக் கீழே அரம் கண்ணாடியில் உரசியதுபோல் கீச்சென்று வழுக்க வேண்டும். மேல்தோலை மட்டும் உரசிவிட்டு "வேலை கெட்டது" என்று திரும்பக் காய்ச்சியவர்கள் உண்டு.

8. கடினத்தைத் தணித்தல்

இப்போது உங்கள் கையில் இருப்பது கத்தி வடிவக் கண்ணாடி. ஓர் இளைஞர் "நாளைக் காலையில் அடுப்பில் வைக்கிறேன்" என்று எடுத்துப் போனார். வீட்டு வாசலில் கார் கதவைத் திறக்கும்போது மடியிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டு துண்டானது. ஆகவே உலை மூட்டும் முன்பே அடுப்பைச் சூடேற்றி வையுங்கள்.

கேக் சுடும் மின்னடுப்பு போதும். அதன் முகப்பில் உள்ள எண்ணை நம்பாதீர்கள், முப்பது டிகிரி வரை ஏமாற்றும். தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். தட்டில் மணல் பரப்பி அதன் மேல் கத்தியை வைத்தால் சூடு ஏறி இறங்காமல் நிற்கும். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், எடுத்து ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம். முன்பே ஒரு பகுதியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தால் அங்கே இளம் வைக்கோல் நிறம் படியும். நீலம் தெரிந்தால் மிகைச்சூடு. வாய் நிற்காது, ஏழாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

9. பிடிக்கு முன் ஒரு சோதனை

பலரும் நேரே பிடி ஒட்டப் போவார்கள். பொறுங்கள். அலகைச் சுத்தம் செய்து வாயை மெலிய வைத்து, சாணைக்கல்லில் ஒருமுறை கூராக்குங்கள். கிரைண்டரில் மெலிய வைத்தால் வெறுங்கையால் பிடித்துக்கொள்ளுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்தால் உடனே தண்ணீரில் முக்க வேண்டும்.

கூராக்கிய வாயை 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியின் மேல் வைத்து, இருபது டிகிரிச் சாய்வில் அழுத்தி இழுங்கள். விளக்கின் எதிரே பார்த்தால் வாய் கம்பியின் மேல் லேசாக வளைந்து, விலகியதும் நிமிர்வது தெரியும். வளைந்தபடியே நின்றால் கடினம் போதாது, திரும்பத் தோய்க்க வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் கடினம் மிகுதி, 215 அல்லது 220 டிகிரியில் இன்னொரு இரண்டு மணி நேரம் வைத்தால் சரியாகும். இரண்டுக்கும் அடுப்போ உலையோ வேண்டும். பிடி ஒட்டியிருந்தால் அதை உடைத்தெடுக்காமல் இரண்டும் நடக்காது.

10. பிடி

பலா, புளி, மெர்பாவ் மூன்றும் நல்ல மரங்கள், நன்றாக உலர்ந்திருந்தால். பச்சை மரத்தில் பிடி போட்டால் ஆறு மாதத்தில் சுருங்கி எஃகின் ஓரம் வெளியே துருத்தும், உள்ளங்கையைக் கிழிக்கும்.

எனக்குப் பிடித்தது துணிப்பிடி. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, மெதுவாக இறுகும் எப்பாக்சியில் ஒவ்வொரு துண்டாக நனைத்து அடுக்கி, இரு பலகைக்கு இடையில் கவ்வியால் நெருக்கி ஓரிரவு விட்டால் கல்போன்ற பலகை கிடைக்கும். 8 மில்லிமீட்டர் கனத்துக்கு வேட்டித் துணி முப்பது அடுக்குக்கு மேல் போகும். ஜீன்ஸ் என்றால் பாதி. ஈரக்கையில் வழுக்காது, மழையில் உப்பாது. கரை வேட்டியாக இருந்தால் செதுக்கும்போது ஓரத்தில் பச்சையோ சிவப்போ கோடு எழும். அப்பாவின் வேட்டியில் பிடி போட்டு எடுத்துப் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஒட்டும் முன் மூன்று வேலைகள். இரு பலகைகளின் முன்பக்க நுனியை, அதாவது அலகை நோக்கிய பக்கத்தை, இப்போதே வளைத்து மெருகேற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே தேய்த்தால் அலகும் சேர்ந்து கீறும். எஃகையும் பலகையையும் 80 உப்புத்தாளால் கரடாக்கி, அசிட்டோனால் துடையுங்கள். விரல் எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது. அலகைத் துணியால் சுற்றி நாடா ஒட்டுங்கள். வாய் ஏற்கெனவே கூராகிவிட்டது, மறந்தால் கை நினைவூட்டும்.

நம் ஊர் வெப்பத்தில் ஐந்து நிமிடப் பசை மூன்றே நிமிடத்தில் இறுகும். ஆணிகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். மெதுவான பசையை வாங்குங்கள், பசை இல்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துவிட்டு அப்புறம் தடவுங்கள். கவ்வியை வெறிகொண்டு முறுக்க வேண்டாம். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. பிதுங்கியதை உடனே துடைத்துவிட்டு ஒரு நாள் முழுவதும் தொடாமல் விடுங்கள்.

பிறகு சோப்புக் கையால் சோதித்த அந்தப் பொய்க்கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செதுக்குங்கள். மிகவும் வழவழப்பாக்காதீர்கள், 220 தாளோடு நிறுத்துங்கள்.

11. கடைசிக் கூர்

ஒரு தாளின் மூலையைப் பாதியாக மடித்தால் 45 டிகிரி, இன்னொரு முறை மடித்தால் 22.5. அந்த மடிப்பைக் கல்லின் மேல் நிறுத்தி, கத்தியின் சாய்வை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். காட்டுக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு அந்தக் கோணம் போதும். 400 கல்லில் ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கம் நகத்தில் தட்டும் மெல்லிய பிசிறு எழும். வாயின் முழு நீளத்துக்கும் பிசிறு எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அடுத்து 1000 கல், கடைசியில் பழைய தோல் பெல்ட். கல்லின் எண்ணை ஏற்றிக்கொண்டே போவதால் கூர் வராது, பிசிறு எழுந்து நீங்கினால்தான் வரும்.

12. உறை, துரு

தோல் உறை அழகு. ஆனால் பினாங்கின் ஈரக்காற்றில் அது பூஞ்சை பிடிக்கும், ஈரத்தைக் கத்தியின் மேலேயே பிடித்துவைக்கும். கனமான பி.வி.சி. குழாய்த் துண்டை நீளவாக்கில் பிளந்து, திறந்த வெளியில் வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் இளக்கி, நாடா சுற்றிய கத்தியின் மேல் மடித்து அழுத்தினால் மலிவான உறை கிடைக்கும். கருகவிடாதீர்கள், அந்தப் புகை நஞ்சு. முனை நிற்கும் அடிப்பக்கத்தில் ஒரு துளை போடுங்கள், உள்ளே போன மழைநீர் வடியட்டும்.

கார்பன் எஃகு துருப்பிடிக்கும், அது அதன் இயல்பு. புதுக் கத்தியால் நாலைந்து புளிப்பு மாங்காய்களை நறுக்கித் துடைக்காமல் சற்று விட்டால் அலகு சாம்பல் நீலமாகும். அந்தப் படலம் செந்துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். காட்டிலிருந்து வந்த அன்றே கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, உறைக்கு வெளியே துணியில் சுற்றி வையுங்கள். களைப்பில் உறையோடு சேர்த்துப் பையிலேயே விட்டால், மறு வாரம் ஆரஞ்சுப் புள்ளிகளோடு என் கொட்டகை வாசலில் நிற்பீர்கள். 600 தாள் அலமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது.